எண்பத்தைந்தும் இரண்டு வளையங்களும்

காலை எட்டே முக்காலுக்கு அவள் கேமராப் பையிலிருந்து ஐம்பதை எடுத்து அலமாரியில் வைத்தாள். எண்பத்தைந்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஐம்பது, எண்பத்தைந்து என்பதெல்லாம் அந்த வீட்டில் லென்ஸ்களுக்குப் பெயர். ஐம்பது கிட்டத்தில் இருப்பதற்கு. எண்பத்தைந்து கொஞ்சம் தூரத்தில் இருப்பதற்கு. இரண்டும் அவளுடைய கேமராவைவிட முப்பது வயது மூத்தவை. மகள் வாலு, ‘இதுங்களுக்கு முதியோர் சலுகை உண்டாம்மா?’ என்று கேட்பாள்.

அவளுடைய ஒரே புதிய லென்ஸ் மூன்று வாரத்துக்கு முன்பு மாடிப்படியில் உருண்டு விழுந்து மோட்டார் செத்துப்போனது. உதிரிபாகம் வந்தபாடில்லை. அதனால்தான் பழையதுகளுக்கு இந்த வாழ்வு. பழைய லென்ஸை நேராகப் புதிய மிரர்லெஸ் கேமராவில் மாட்ட முடியாது. நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். பார்த்தால் ஒன்றுமில்லை, இருபக்கமும் திறந்த ஒரு உலோகக் குழாய். உள்ளே கண்ணாடி கிடையாது, கம்பி கிடையாது. லென்ஸ் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டுமோ அவ்வளவு தள்ளி நிறுத்துவது மட்டுமே அதன் வேலை.

‘தள்ளி நிற்கிறதுதான் கஷ்டமான வேலை’ என்று அவள் கணவர் முன்பொரு முறை சொல்லியிருக்கிறார். கடைத்தெருவில் அவரை லென்ஸ் டாக்டர் என்றால்தான் தெரியும். கேமரா, லென்ஸ், பைனாகுலர் என்று எதைக் கொண்டுபோனாலும் திறந்து பார்த்துவிடுவார்.

அவரிடம் நேற்று மாலை, “ஐம்பதையே எடுத்துட்டுப் போறேன்” என்று சொல்லியிருந்தாள். அவர்தான் சொன்னார், எண்பத்தைந்து வேண்டாம் என்று. “இருட்டுல கையால ஃபோகஸ் பண்ணணும். ஆள் ரெண்டு அடி நகர்ந்தா கோட்டை விட்டுடுவே.”

கோட்டை விட்டுடுவே. பதினைந்து வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி கேமராவைத் தூக்கியவளிடம் சொல்கிற வார்த்தையா இது? அது ராத்திரி முழுக்கக் குத்திக்கொண்டே இருந்தது. காலையில் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து லென்ஸை மாற்றினாள்.

இன்றைக்கு ஒரு நாடகக் குழுவின் கடைசி ஒத்திகை. படங்கள் பிடித்திருந்தால் குழுவின் புகைப்படக்காரர் வேலை அவளுக்கு. வேலை என்றால் நான்கு மாதச் சுற்றுப்பயணம். பேச்சு வந்த முதல் வாரத்தில் அவர் மூன்று முறை வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நடமாடினார். வேண்டாம் என்று சொல்கிற ஆளோடு சண்டை போடலாம். இதோடு என்ன செய்வது?

“கிளம்பறேன்” என்றாள்.

குளியலறைக்குள்ளிருந்து இருமல் சத்தம்தான் பதிலாக வந்தது.

~

நாடக அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால் தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது.

“இதைத் தாண்டக் கூடாது” என்றார் இயக்குநர். அறுபதைக் கடந்த பெண்மணி. குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயமாக இருந்தது. “என் கண்ணோரத்துல ஏதாவது அசைஞ்சா எனக்கு மொத்த நாடகமும் போச்சு.”

“தாண்ட மாட்டேன் மேடம்.”

“போன தடவை வந்தவரும் இப்படித்தான் சொன்னார். அதான் இந்தத் தடவை நீங்க வந்திருக்கீங்க.”

அவள் கேமராவை முக்காலியில் வைத்தாள். எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது. சொல்வதற்கு அடாப்டரில் வழியில்லை. அவளே மெனுவுக்குள் போய் 85 என்று எழுதினாள். ஷட்டர் சத்தத்தை அணைத்தாள். விளக்குகள் மங்கின. அரசியாக நடிக்கும் பெண் மேடையின் வலப்பக்கத்திலிருந்து மெல்ல நடந்து வந்தாள்.

அவள் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினாள். அரசியின் முகம் பனிமூட்டத்திலிருந்து வெளியே வருவதுபோல் கூடிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு மயிரிழை.

டக்.

வளையம் நின்றுவிட்டது. முகம் இன்னும் தெளியவில்லை.

அவள் பின்னால் திருப்பி மறுபடி முன்னால் கொண்டுவந்தாள். டக். அதே இடம். ஃபைண்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அரசிக்கு மூக்கு இருந்தது, கண் இருந்தது, எதற்கும் ஓரம் இல்லை. ஃபோகஸ் ஆன இடங்களைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் வசதி அந்தக் கேமராவில் உண்டு. சிவப்பு எங்கே விழுகிறது என்று தேடினாள். மேடையில் ஒரு புள்ளிகூட இல்லை. அரங்கின் நடுவில், பதினைந்தாவது வரிசையில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்த விளக்குக்காரரின் தலையில் இருந்தது. அவருடைய வழுக்கையும் அதைச் சுற்றி மிச்சமிருந்த முடியும் ஒவ்வொன்றாக எண்ணும்படி விழுந்திருந்தன.

லென்ஸை அசைத்துப் பார்த்தாள், இறுக்கமாகத்தான் மாட்டியிருந்தது.

இதே லென்ஸ், இதே அடாப்டர். இரண்டு வாரத்துக்கு முன்பு மொட்டைமாடியிலிருந்து நான்கு வீடு தள்ளி உலர்ந்த துணியின் கிளிப்பைக்கூடத் தெளிவாக எடுத்திருந்தாள். இன்று காலை கிளம்புமுன் வரவேற்பறையில் வாலுவை உட்காரவைத்து எடுத்துப் பார்த்தபோதும் கண்ணிமை வரை விழுந்தது. ஆனால் அது ஆறடி தூரம். ஆறடியில் எதுவும் ஒழுங்காகத்தான் தெரியும்.

லென்ஸின் ஒளித்துளையைச் சுருக்கினால் ஓரளவு தெளியும். சுருக்கினாள். மேடை இருட்டில் முழுகியது. முன்னால் போய் எடுக்கலாம். காலடியில் சிவப்பு டேப்.

முதல் பாதி ஐம்பது நிமிடம். அரசி அழுதாள், சிரித்தாள், சிம்மாசனத்தைக் காலால் எட்டி உதைத்தாள். அவள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் விழவில்லை என்று தெரிந்தே எடுத்தாள். சும்மா நின்றால் இயக்குநர் திரும்பிப் பார்ப்பார்.

~

இடைவேளை கால்மணி நேரம்.

வெளிக்கூடத்தில் ஜன்னலோரம் ஒரு பெஞ்சு. கைக்குட்டையை விரித்து அதன்மேல் அடாப்டரைக் கழற்றி வைத்தாள். லென்ஸ் பக்கத்துத் தகட்டை ஆறு சின்ன ஸ்க்ரூ பிடித்திருந்தன. ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் ஒரு துளி ரோஸ் நகப்பூச்சு.

அவள் அதைப் பார்த்தபடியே இருந்தாள்.

அது அவள் கணவருடைய வழக்கம். எந்த வேலையை முடித்தாலும் கடைசியில் ஸ்க்ரூவின்மேல் வாலுவின் நகப்பூச்சை ஒரு பொட்டு வைப்பார். ஸ்க்ரூ தளராது. வேறு யாராவது திறந்தாலும் தெரிந்துவிடும். ஊரில் வேறு எந்த ரிப்பேர்க்காரரும் ரோஸ் கலரில் பொட்டு வைப்பதில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்பு இந்தப் பொட்டு இல்லை.

போன் செய்தாள். அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

“வாலு, அப்பா எங்க?”

“கடையில இல்லம்மா. இப்பதான் அந்த வழியா வந்தேன். ‘மதியம் வருவேன்’னு சீட்டு ஒட்டிட்டுப் போயிருக்கார்.”

“கடையைப் பூட்டிட்டா?”

“ஆமா. ஏம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு? அரசி கோவிச்சுக்கிட்டாங்களா?”

“வெச்சுடு.”

கண்ணாடிக் கடையில் தரும் சின்ன ஸ்க்ரூடிரைவர் அவள் பையில் எப்போதும் இருக்கும். முதல் ஸ்க்ரூவில் வைத்து அழுத்தினாள். நகப்பூச்சு விரிசல் விட்டு உதிர்ந்தது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதை எடுக்கும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. ஸ்க்ரூ துள்ளி விழுந்து பெஞ்சுக்கு அடியில் எங்கோ போனது. குனிந்து தேட நேரமில்லை.

ஆறாவதையும் எடுத்துவிட்டுத் தகட்டைத் தூக்கினாள். அடியில் இரண்டு கறுப்பு வளையங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாள்போல ஏதோ ஒன்று, ஒன்றன்மேல் ஒன்றாக. அவ்வளவு நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தன. இரண்டும் சேர்ந்தால் ஒரு விசிட்டிங் கார்டு கனம்கூட வராது. அந்தக் கனத்துக்கு லென்ஸ் கேமராவை விட்டுத் தள்ளி நின்றிருக்கிறது. அதனால்தான் கிட்டத்தில் எல்லாம் சரி, தூரத்தில் எதுவும் இல்லை.

இது தெரியாமல் நடக்கக்கூடிய காரியம் இல்லை. தெரிந்தவர் ஒருவர்தான் செய்ய முடியும். வீட்டுக்குள் சோதித்துப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாதபடி செய்ய, மிகவும் தெரிந்தவர் ஒருவர்தான் வேண்டும்.

கெடுக்க நினைக்கிறவர் தன் பொட்டை ஏன் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று மனதுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அவள் அதைப் பேசவிடவில்லை. கோபம் வந்ததும் ஒரு நிம்மதியும் சேர்ந்து வந்திருந்தது. இத்தனை நாளாய் அந்த மௌனத்துக்கு அர்த்தம் தேடித் தேடி அலுத்துப்போயிருந்தாள். இப்போது அர்த்தம் கையில் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கலாம்.

வளையங்களைப் பர்ஸின் உள்ஜிப்பில் போட்டாள். தகட்டை வைத்து ஐந்து ஸ்க்ரூவோடு முடுக்கினாள். மணி அடித்தது.

இரண்டாம் பாதியில் ஃபோகஸ் வளையம் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் கொஞ்சம் திரும்பியது. அதனால் நஷ்டமில்லை, நடுவில் எங்கே தெளிகிறதோ அங்கே அவள் நிறுத்திக்கொண்டாள். அரசி மேடையின் ஓரத்துக்கு வந்து தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றி, அது அழுத்திய தடத்தை நெற்றியில் தடவிப் பார்த்தாள். ஃபைண்டருக்குள் அந்தத் தடத்தின்மேல் சிவப்புக் கோடு ஓடியது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். கோட்டை விடவில்லை.

~

இயக்குநர் கேமராத் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். கிரீடப் படத்தில் நின்றார்.

“முதல் பாதி எங்க?”

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். “விழலை மேடம். அடாப்டர்ல ஒரு கோளாறு. இடைவேளையில பிரிச்சுச் சரி பண்ணினேன்.”

“இங்கயா?”

“வெளியில, பெஞ்சுல. ஒரு ஸ்க்ரூ உங்க கூடத்துலதான் கிடக்கு.”

“டேப்பைத் தாண்டியிருந்தா முதல் பாதியும் கிடைச்சிருக்குமே.”

“கிடைச்சிருக்கும்.”

இயக்குநர் சிரித்த மாதிரிதான் இருந்தது. “திங்கட்கிழமை காலையில ஆறு மணிக்கு வண்டி. நாலு மாசம். ஒப்பந்தம் இங்கயே இருக்கு. வீட்டுல கேட்டுட்டு நாளைக்குச் சொன்னாக்கூடப் போதும்.”

“கேட்கறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம்” என்றாள். “பேனா குடுங்க.”

அவள் கையெழுத்து எப்போதும் சின்னதாக, கோட்டுக்கு உள்ளேயே இருக்கும். இன்றைக்குக் கோட்டைத் தாண்டிப் போனது.

~

மாலை ஐந்தரைக்கு அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வாலு பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட்டை உடைத்து உடைத்துத் தின்றாள்.

அவள் பையைக் கீழே வைக்கவில்லை. பர்ஸைத் திறந்து இரண்டு வளையங்களையும் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் போட்டாள்.

“இது என்னங்க?”

அவர் பார்த்தார். “ஏன் கழட்டினே?”

“ஏன் போட்டீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.”

“அடாப்டர் கொஞ்சம் மெல்லிசா இருந்துது. ஐம்பதை மாட்டினா ஃபோகஸ் வளையம் எங்கயோ தாண்டிப் போய் நிக்குது. கடைசி வரைக்கும் திருப்பினா தூரம் சரியா விழணும்ல? அதான், அந்த ஐம்பதுக்குன்னு அளந்து பார்த்துப் போட்டேன். இருட்டுல நீ தேட வேண்டாம். கண்ணை மூடிட்டுக் கடைசி வரைக்கும் திருப்பினா...” அவர் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். “நீ எதை எடுத்துட்டுப் போனே?”

அவள் பையின் வாரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எண்பத்தஞ்சையா?”

“ஐயோ” என்றாள் வாலு, பிஸ்கட்டை வாயில் வைத்தபடியே.

“நீதானே ஐம்பதுன்னு சொன்னே? அந்த ஐம்பது, நான் பிரிச்சு மாட்டினதுல கொஞ்சம் விலகின லென்ஸு. அதுக்குத்தான் இந்தக் கனம் சரி. எண்பத்தஞ்சுல ஒரு குறையும் கிடையாது. அதுல இதைப் போட்டா பாதி அரங்கத்தைக்கூடத் தாண்டாதே!” அவர் எழுந்துவிட்டார். “படம் என்ன ஆச்சு? எல்லாம் போச்சா?”

அவர் குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டதும் அவள் பையைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க.”

“நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“ரெண்டு பேருக்கும் பேசறதுக்கு ஒரு அடாப்டர் வாங்கணும்” என்றாள் வாலு. யாரும் சிரிக்கவில்லை என்றதும் ஒரு வளையத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். “அம்மா, இது கறுப்பு இல்ல. உள்ள ஏதோ தெரியுது. எழுத்துகூட இருக்கு.”

“அதை வை” என்றார் அவர்.

“ஆண், நாற்பத்தெட்டு. பக்கத்துல தேதி. போன மாசம் இருபத்தொண்ணு.”

“வைன்னு சொன்னேன்ல!”

அந்த வீட்டில் அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. வாலு வளையத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

அந்த வீட்டில் நாற்பத்தெட்டு வயது ஒருவருக்குத்தான். இருபத்தொன்று என்றால் பதினோரு நாள். அவள் மனதுக்குள் பின்னோக்கி எண்ணினாள். வேண்டாம் என்று சொல்வதை அவர் நிறுத்தியது எந்த நாள்? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் முடிவு கட்டியது எந்த நாள்?

“எக்ஸ்ரேயா?”

ஆமாம் என்பதுபோல் அவர் தலையை ஆட்டினார்.

“மீதி எங்க?”

அவர் உள்ளே போய்ப் பெரிய பழுப்பு உறையோடு வந்தார். அவள் பிலிமை உருவி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். விலா எலும்புகள் வரிசையாக இருந்தன. தோள்பட்டை இருந்தது. வலப்பக்கத்தில் ஒரு வட்ட ஓட்டை, எழுத்து இருந்த மூலையில் இன்னொன்று. ஓட்டைகள் வழியே எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது. வலப்பக்க ஓட்டையின் விளிம்பில் சிவப்புப் பென்சிலின் மிச்சம் ஒட்டியிருந்தது.

“இந்த வட்டம் யார் போட்டது?”

“டாக்டர். ‘இந்த இடத்தைத்தான் இன்னொரு தடவை பார்க்கணும்’னு வட்டம் போட்டுக் குடுத்தார். கனம் சரியா இருந்துது. அளவும் சரியா இருந்துது. காம்பஸ் தேடற வேலை மிச்சம்.” சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. “இன்னொண்ணை அதைப் பார்த்து நான் வெட்டினேன்.”

“நடுவுல இருந்த துண்டு எங்கப்பா?” என்றாள் வாலு.

“தூக்கிப் போட்டுட்டேன்.”

அவர் பென்சில் கோட்டின்மேல் பிளேடை வைத்துச் சுற்றிக்கொண்டு வருவதை அவள் கண்முன்னால் பார்த்தாள். கை நடுங்கியிருக்காது. வேலை என்று வந்துவிட்டால் அவருக்குக் கை நடுங்காது. பார்க்கப் பிடிக்காத இடத்தை வெட்டி எடுத்து, அதன் விளிம்பை மட்டும் அவளுக்கு உபயோகமாக்கித் தந்திருக்கிறார்.

“காலையில கடையைப் பூட்டிட்டு எங்க போனீங்க?”

“ஸ்கேனுக்கு. ஒண்ணும் இருக்காது. சனிக்கிழமை சொல்லிடுவாங்க.” அவர் பிலிமை அவள் கையிலிருந்து வாங்கி உறைக்குள் தள்ளினார். “அதை விடு. அந்த அம்மா என்ன சொன்னாங்க?”

“திங்கட்கிழமை கிளம்பணும். நாலு மாசம்.”

“நீ என்ன சொன்னே?”

சொல்லாமல் இருந்துவிடலாம். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொன்னதாகச் சொல்லலாம். அவள் வாயைத் திறந்தபோது உண்மை தானாகவே வந்தது.

“கையெழுத்துப் போட்டுட்டேன்.”

அவர் முகம் மலர்ந்தது. பதினோரு நாளாக அவள் பார்க்காத முகம். “அப்பாடா!” என்றார். “நான் பயந்துட்டே இருந்தேன். இது தெரிஞ்சா நீ போட்டிருக்க மாட்டே. அதுக்குத்தான் வாயைத் திறக்கலை. நல்ல வேளை.” எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அறையத் தூக்கிய கையை ஒருவர் குலுக்குவதற்காகப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது அவளுக்கு. எதற்காகப் போட்டாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? உங்களை ஜெயிக்கத்தான் போட்டேன் என்றா? நீங்கள் என் கழுத்தை அறுத்ததாக நினைத்துப் போட்டேன் என்றா?

கையை விடுவித்துக்கொள்ளவும் முடியவில்லை. வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

“அம்மா,” என்றாள் வாலு, “அப்ப நீ போறியா?”

அவள் எழுந்து சுவர்க் காலண்டரிடம் போனாள். கயிற்றில் தொங்கிய பேனாவை எடுத்தாள்.

“சனிக்கிழமை எத்தனை மணிக்கு?”

“நீ எதுக்கு? நானே போய்...”

“எத்தனை மணிக்குன்னு கேட்டேன்.”

“பத்து.”

சனிக்கிழமைக் கட்டத்துக்குள் பத்து என்று எழுதினாள். ஒரு கட்டம் தள்ளித் திங்கட்கிழமை. அங்கே ஆறு என்று எழுத வேண்டும். பேனாவின் முனை அந்தக் கட்டத்தைத் தொட்டது. மை ஒரு புள்ளியாய் ஊறி, மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே போனது. பின்னால் இருவரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.